முழங்கால் மாற்றும் இயந்திரக் கரம்

மூட்டுவாதத்தால் குருத்தெலும்பு தேய்ந்து, மாடிப்படி ஏறுவதே தண்டனையாகிவிட்டவருக்கு, தொடையெலும்பின் உள்ளே நீண்ட கம்பியைச் செலுத்தி, அதன்மேல் உலோகச் சட்டம் பொருத்தி, அனுபவம் பழக்கிய கண்ணாலும் கையாலும் எலும்பை அறுத்துச் செயற்கை மூட்டை அமர்த்துவது வைத்தியர்களின் பழைய சம்பிரதாயம். மேக்கோ என்னும் ரோபோ முறையிலோ, சி.டி. ஸ்கேன் கொண்டு முன்னதாகவே திட்டம் வகுத்தபின், வைத்தியர் பிடித்த ரம்பம் வரம்பு மீறப் பார்த்தால் இயந்திரக் கரம் தடுத்துவிடுகிறது. ரோபோ தானே யாவும் செய்கிறதென்பது வெறும் பிரமை.

துல்லியம் கூடுவது மெய்யே. ஆயினும், ரோபோடாக் என்னும் முந்தைய கருவியைப் பழைய முறையோடு ஒப்பிட்டு, நோயாளிகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் கவனித்து, 2020இல் வெளியான தென்கொரிய ஆய்வில், மூட்டின் செயற்பாட்டிலோ ஆயுளிலோ பேதம் தென்படவில்லை. ஆதலால், இயந்திரத்தின் பெயரைக் காட்டிலும் வைத்தியரின் கைப்பழக்கத்தை விசாரிப்பதே விவேகம் என்பேன். செலவும் ரோபோவுக்கே அதிகம். எலும்பின் நிலையை ரோபோவுக்குக் காட்டும் அடையாளக் கருவிகளை நிறுத்த எலும்பில் ஊசி ஊன்றிய துவாரத்தில், அபூர்வமாக, முறிவு நேர்வதும் உண்டு.