பெத்தலகேமைப் பாடிய குறத்தி

உங்கள் அனைவர்க்கும் என் நத்தார் வாழ்த்துக்கள். வாழ்த்தை மட்டும் கூறிவிட்டு விடைபெறுவது பள்ளிக்கூட அதிபருக்கு வழக்கமன்று. ஆகவே, எனக்கு மிகவும் உகந்த இசைநூல் ஒன்றையும் உடன் கொண்டு வந்திருக்கிறேன். முடிவிலே பரீட்சை இல்லை; அஞ்சாமற் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்து மார்கழியை நீங்கள் அறிவீர்கள். நத்தார்க் காலத்து இரவுகளிலே தேவாலயப் பாடகர் வீடுவீடாக வந்து பாடுவர். திருவெம்பாவை நாள்களிலே, விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க அடியார் குழாம் ஒழுங்கைகளிற் பாடி வரும். சில ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒருங்கே வந்துவிடும். அப்பொழுது நம்மவர் உறங்குவது எப்போது?

ஒருமுறை மாணவன் ஒருவன், "ஐயா, நத்தார்ப் பாட்டென்றால் மேல்நாட்டு மெட்டுத்தானே?" என்று வினவினான். அவனுக்கு நான் கூறிய விடை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்தலகேம் குறவஞ்சி என்பதாகும்.

1774இல் திருநெல்வேலியிற் பிறந்த சாஸ்திரியார், தஞ்சையிலே சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். சரபோசி மன்னரின் நண்பர். 1864இல் மறையும்வரை, கிறிஸ்தவப் பொருளைக் கர்நாடக இசையின் இராக தாளங்களில் அமைத்துப் பாடிவந்தார்.

குறவஞ்சி என்பது யாது? தலைவனின் பவனியைக் கண்ட தலைவி காதல் கொண்டு வாடுவாள். நிலவும் அவளைச் சுடும். அவ்வேளையிற் குறத்தி வந்து, தன் மலைவளம் பாடி, கைபார்த்துக் குறி சொல்லுவாள். பின்னர், அவளைத் தேடிச் சிங்கன் வருவான். திருக்குற்றாலக் குறவஞ்சியிலே, மனைவி அணிந்துள்ள புதிய நகைகளைக் கண்டு மருண்டு அவன் கேட்கும் கேள்விகள் எவரையும் நகைக்க வைக்கும்.

இந்த அமைப்பையே சாஸ்திரியார் மேற்கொண்டார். தலைவியின் பெயர் தேவமோகினி. அவள் காதலித்த தலைவன் கிறிஸ்து. குறத்தி விசுவாசத்தின் உருவம். பிறர் பறவைக்கு வலை வீச, இவருடைய சிங்கன் மனிதரைப் பிடிக்கும் மீன்வலையை வீசுகிறான். அதனினும் வியப்பு, கோள்கள் ஞாயிற்றைச் சுற்றிவரும் கொப்பர்னிக்கசின் கொள்கையையும் உலகத்து நாடுகளையும் அவர் நூலுள் அமைத்தமையாகும். ஆடலும் பாடலும் கேட்க வந்தவர்க்கு விஞ்ஞானமும் புவியியலும் சேர்ந்து கிடைத்தன! ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு இந்நூல் உகந்ததற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

ஏறத்தாழ அதே காலத்தில் நம் அராலியூரிலே, பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் கீரிமலையைப் போற்றி நகுலமலைக் குறவஞ்சி பாடினார். ஒருவர் சைவர், ஒருவர் கிறிஸ்தவர். ஒருவருக்குக் கீரிமலை, ஒருவருக்குப் பெத்தலகேம். எனினும் இருவர்க்கும் குறி சொன்னவள் ஒரே தமிழ்க் குறத்தி.

அம்மாணவனுக்கு நான் உணர்த்த விரும்பியதும் இதுவே. மேல்நாட்டு மெட்டுக்களும் இனியவை. அவற்றைப் பாடுவதிற் குற்றமில்லை. ஆனால் நம் வீட்டில் நமக்கென்று ஒரு பாட்டு இருப்பதை அறியாமல் வளர்வது பெரிய இழப்பு. ஏட்டில் மட்டும் இருக்கும் இசைக்கு உயிரில்லை. யாராவது வாய்திறந்து பாடவேண்டும்.

இந்த நத்தாரன்று, அயல்வீட்டுப் படலையைத் திறந்து பலகாரத் தட்டை நீட்டும்போது, ஒரு தமிழ்க் கீர்த்தனையையும் சேர்த்து வழங்குங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பாது, பாட்டும் அவ்வாறே.