உண்ணிச்செடியை வெட்டினால் போதாது

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் நாம் பொதுத் தோட்டம் போடும் இடத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் இந்தச் செடி, அமெரிக்கப் பக்கமிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இலையைத் தின்னும் ஆடுமாடுகளுக்கு ஈரல் கெடும். பச்சைக் காயும் விஷம், பிள்ளைகள் கவனம்!

கத்தியால் வெட்டிவிட்டால் ஒழியாது. கவ்வாத்து வெட்டிய தேயிலை போலத் திரும்பத் தளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போதே முள்ளு போட்டு வேரோடு கிளப்ப வேண்டும். பழம் கறுத்துவிட்டால் குருவிகள் தின்று விதையைப் பரப்பிவிடும்.

வெறும் நிலமாக விட்டால் மழை மண்ணை அடித்துப் போகும். உண்ணிச்செடியும் திரும்ப வரும். ஆகவே உடனே நாட்டுச் செடிகளை வைப்போம். வேலி ஓரம் ஆடு தொடாத ஆடாதோடை, ஆவி பிடிக்க நொச்சி, சம்பலுக்கு வல்லாரை. பிறகு முளைக்கும் உண்ணிக் கன்றுகளை மாதம் ஒருமுறையாவது பிடுங்குவோம்.