பின் சக்கரம் முனகுகிறது!

காரில் இருப்பதிலேயே பரம அப்பாவி யார் என்று கேட்டால், வீல் பேரிங்கைத்தான் கை காட்டுவேன். இன்ஜினைப் பற்றி ஆபீஸ் கேன்டீனில் அரை மணி நேரம் பேசுவார்கள். மைலேஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேரிங்கை யாராவது விசாரித்திருக்கிறார்களா? வண்டியின் எடை, நம் எடை, பின் ஸீட்டில் மாமியார் எடை எல்லாம் கடைசியில் வந்து உட்காருவது அந்த இரும்பு வளையங்களின் தலையில்தான். நன்றாக இருக்கும்வரை அது வாயைத் திறக்காது. திறந்தால் சமாசாரம் பெரிசு!

எவ்வளவு பெரிசு என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். பெயர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி. இரண்டே ஸீட், துணிக் கூரை, முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். உடம்பை வரைந்தவர் ஜியோவானி மிக்கலாட்டி என்கிற இத்தாலிக்காரர். அடியில் இருக்கும் சேஸிஸ் மட்டும் 1959-ல் வந்த ஹெரால்டினுடையது. அதைக் குறுக்கி, தட்டி, சரிபண்ணிக்கொண்டார்கள். ஹெரால்டு என்றதும் காது நிமிர்கிறதா? அதேதான். 1961 முதல் சென்னைப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு! அந்த வகையில் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டுக்குத் தம்பி முறை. தம்பி கொஞ்சம் மைனர், அவ்வளவுதான்.

பர்மிங்ஹாமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் நண்பன் 1976 மாடல் ஸ்பிட்ஃபயர் ஒன்று வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு வயதுப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர் சுற்றுவான். வேகம் கூடினால் பின்னாலிருந்து 'ர்ர்ர்ர்' என்று ஒரு முனகல். சத்தத்தை வாட்ஸ்அப்பில் பிடித்துச் சென்னையில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா ஆயுளில் பாதியை ஹெரால்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கழித்த மெக்கானிக். அன்றைக்கு நான் அவர் வீட்டில்தான் இருந்தேன்.

"ஏண்டா, நியூட்ரல்ல உருள விட்டாலும் கத்துதா?"

"ஆமாப்பா. இன்ஜின் வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"லெஃப்ட்ல ஒடிச்சா ஜாஸ்தியா, ரைட்ல ஒடிச்சா ஜாஸ்தியா?"

"லெஃப்ட்லப்பா."

"அப்ப வலது பின் சக்கரம். இடது பக்கம் திருப்பும்போது வண்டி பாரம் வலது பக்கம் சாயும். முதல்ல பொண்ணை அதுல ஏத்தறதை நிறுத்து."

ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் வண்டிக்கு இரண்டே கேள்வியில் வைத்தியம்! எனக்குப் புரியாதது அந்தக் கடைசி வாக்கியம்தான். முனகலுக்குப் போய் இவ்வளவு பயமா என்று கேட்டேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் டம்ளரையும் எடுத்துவைத்துக்கொண்டு விளக்கினார்.

இந்தக் காரில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒரு தனி ஷாஃப்ட். அதன் முனையில் ஹப், ஹப்பில் சக்கரம். ஷாஃப்டைத் தாங்குவது இரண்டு பேரிங்குகள். வெளிப்பக்கம், சக்கரத்தை ஒட்டி, சாதாரண பால் பேரிங். உள்பக்கம், ஊசி ஊசியாக உருளைகள் இருக்கும் நீடில் பேரிங். வில்லங்கம் இந்த ஊசிக்காரரிடம். பொதுவாக பேரிங் என்றால் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவே உருளைகள். இவருக்கு உள் வளையமே கிடையாது! ஊசிகள் நேரே ஷாஃப்டின் மேலேயே ஓடுகின்றன. கிரீஸ் வற்றினாலோ, மழைத் தண்ணீர் புகுந்தாலோ, பேரிங்கோடு சேர்ந்து ஷாஃப்டும் தேயும், குழி விழும். அப்படியே ஓட்டினால் ஒருநாள் ஷாஃப்ட் முறியும். முறிந்தால், சக்கரம் ஹப்போடு தனியே கிளம்பிவிடும். பக்கத்து ஸீட்டில் யார் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

நான் பி.காம். எனக்கு இது ஓர் அடக்கவிலைக் கணக்காகத்தான் தெரிந்தது. நண்பன் கம்ப்யூட்டரில் மூன்று விலைகளைத் திறந்துவைத்துக்கொண்டு முழித்தான். பெயர் தெரியாத மலிவு கிட், பெயர் பெற்ற கம்பெனி பேரிங், புது ஷாஃப்டோடு முழு செட். அவன் முதல் இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தான். அப்பாவோ, "ஷாஃப்டைப் பார்க்காம பேரிங் விலையை ஏண்டா பார்க்கறே?" என்றார். ஊசிகள் ஓடிய இடத்தில் நகத்தால் குறுக்கே வருட வேண்டும். நகம் தடுக்கினால் ஷாஃப்டுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். குழி விழுந்த ஷாஃப்டில் உலகத்தின் உயர்ந்த பேரிங்கைப் போட்டாலும், மறுபடி அதே முனகல், மறுபடி அதே கூலி. கூலி என்று சும்மா சொல்லவில்லை. ஹப் ஷாஃப்டின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றக் கனமான புல்லர் வேண்டும். பொறுமை இழந்து சுத்தியலால் அடித்தால் ஹப் கோணிக்கொள்ளும்.

பால் பேரிங் வாங்குவதிலும் விஷயம் இருக்கிறது. அதன் மேல் பொறித்திருக்கும் நம்பர் ஒரு ஜாதகம். உதாரணத்துக்கு 6205 என்றால், கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள். உள் விட்டம் 25 மி.மீ. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. சி3 என்றால் உள்ளே இடைவெளி கொஞ்சம் தாராளம். மூடி போட்டதுதான் உசத்தி என்று கடைக்காரர் தள்ளப் பார்ப்பார். ஆனால், இந்த ஹப்பில் வெளியிலிருந்து கிரீஸ் அடிக்கத் துளை வைத்திருக்கிறார்கள். மூடி போட்ட பேரிங்குக்குள் அந்த கிரீஸ் எப்படிப் போகும்? பழசில் என்ன இருந்ததோ அதையே வாங்குவது உத்தமம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குலக் கணக்கு வேறு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 'பாயின்ட் நாலுதானே சார்' என்று தகரம் சுற்றி உட்காரவைக்கும் மேதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பேரிங் உலகத்தில் பொருத்தம் பார்ப்பது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில்!

போலிகள் கதை தனி. டப்பா, எழுத்து எல்லாம் அச்சு அசல். இந்தத் தொல்லை தாங்காமல் ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். கம்பெனி, போட்டோ எடுத்து அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆப்பே வைத்திருக்கிறது. (1915-ல் இந்தக் கம்பெனி பேரிங்குக்கென்று பதிவு செய்து வைத்த பெயர்தான் வால்வோ. லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று அர்த்தம். கார் அப்புறம்தான் வந்தது!)

நண்பன் பிரித்துப் பார்த்தான். நகம் தடுக்கியது. புது ஷாஃப்ட், கம்பெனி பேரிங், ஆயில் சீல் எல்லாம் வாங்கிவிட்டான். நீடில் பேரிங்கை எழுத்து பொறித்த பக்கமாகத்தான் அழுத்தி ஏற்ற வேண்டும் என்று அப்பா மூன்று தடவை சொன்னார். கடைசியாக இன்னொன்றும் கேட்டார்:

"இடது பக்கம்?"

"அது சத்தமே போடலியேப்பா."

"ரெண்டும் ஒரே மழையிலதானேடா நனைஞ்சுது? கழட்டு!"