வயிறு மந்தமானால் இதயம் தாளம் தப்புமா?

"டாக்டர், சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெஞ்சு திடீர்னு ஒரு துள்ளு துள்ளுது. அப்புறம் ஒரு நொடி நின்ன மாதிரி இருக்கு. மறுபடி படபடன்னு அடிச்சுக்குது. பெரிசா ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடுது. இது வாயுவா, ஹார்ட்டா?"

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 38. கையில் ஒரு கத்தை ரிப்போர்ட்டுகள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை, தைராய்டு, 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர்... எல்லாம் பார்த்தாகிவிட்டது. 'இடையிடையே சில உபரித் துடிப்புகள் உள்ளன. இதயத்தில் கோளாறு இல்லை' என்று இதய மருத்துவர் எழுதியிருந்தார்.

"கோளாறு இல்லைங்கிறாங்க. ஆனா அடிச்சுக்கிறது எனக்குத்தானே தெரியும்?" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே மாதம் இன்னொருவர் வந்தார். மளிகைக் கடைக்காரர். வயது 57. பத்து வருஷமாகச் சர்க்கரை. கையில் ரிப்போர்ட் எதுவும் கிடையாது. "ஒண்ணுமில்லீங்க, வெறும் கேஸ் டிரபிள். நெஞ்சுல வாயு சுத்துது. நல்லதா ஒரு சூரணம் குடுங்க" என்றார்.

ஒருவர் வயிற்றுக் கோளாறை இதய நோய் என்று பயந்தார். இன்னொருவர் இதய நோயை வயிற்றுக் கோளாறு என்று அலட்சியம் செய்தார். நம் வீடுகளில் தினமும் நடக்கிற குழப்பம் இதுதான்!

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும்...

இதயமும் இரைப்பையும் அடுத்தடுத்த வீடுகள் மாதிரி. நடுவில் உதரவிதானம் என்ற தசைச் சுவர் மட்டும்தான். மேலே இதயம், கீழே இரைப்பை. வயிறு முட்டச் சாப்பிட்டு, அதோடு காற்றும் சேர்ந்துகொண்டால் இரைப்பை உப்பி அந்தச் சுவரை மேல்நோக்கித் தள்ளுகிறது. உணவுக் குழாயோ இதயத்தின் இடது மேல் அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போலத்தான் இறங்குகிறது. புளித்த நீர் எதுக்களித்து அந்தக் குழாய் புண்ணானால் பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவுதான்.

இன்னொரு இணைப்பும் உண்டு. மூளையிலிருந்து புறப்படும் பத்தாவது நரம்பான வேகஸ், இதயத்துக்கும் கிளை அனுப்புகிறது. இரைப்பை, குடலுக்கும் கிளை அனுப்புகிறது. வயிறு உப்பும்போது இந்த நரம்பு தூண்டப்படுகிறது. அதன் எதிரொலியாகச் சிலருக்கு இதயம் ஒரு துடிப்பை முந்தி அடிக்கும். பிறகு சற்று ஓய்வெடுத்து, அடுத்த துடிப்பைப் பலமாக அடிக்கும். அந்த ஓய்வைத்தான் 'நின்ன மாதிரி இருக்கு' என்கிறோம். பலமான அடியைத்தான் 'துள்ளுது' என்கிறோம். ஐஸ் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தவுடன் சிலருக்குப் படபடப்பு வருவதும் இந்த நரம்பின் வழியாகத்தான்.

1912-ல் லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த வயிறு - இதயத் தொடர்பை விவரித்து எழுதினார். இன்றும் இதற்கு அவர் பெயர்தான். நம் சித்த மருத்துவத்திலோ அபானன் கீழ்நோக்குக் காற்று. உதானன் மேல்நோக்குக் காற்று. கீழே போக வேண்டியது தடைபட்டால் மேலே கிளம்பி நெஞ்சை அலைக்கழிக்கும் என்பது நம்முடைய விளக்கம். சொல்லும் முறை வேறு. கவனித்த விஷயம் ஒன்றுதான்.

பேதியும் மருந்தும்கூட!

இதயம் ஒழுங்காகத் துடிக்க ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் என்ற உப்புகள் சரியான அளவில் இருக்க வேண்டும். கடுமையான வாந்தி, பேதியில் இவை வெளியேறிவிடும். பேதியாகும்போது படபடப்பும் மயக்கமும் வந்தால் 'உடம்பு அசதி' என்று படுத்துவிடக் கூடாது. பேதி ஆரம்பித்த உடனேயே உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். படபடப்பும் வந்துவிட்டால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு என்று வருஷக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தானாகவே வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு மெக்னீசியம் குறையும். சிசாப்ரைடு என்று ஒரு வயிற்று மருந்து இருந்தது. இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்குத் தாறுமாறாக்குகிறது என்று தெரிந்ததும் 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-ல் இந்தியாவும் தடை செய்தது.

எங்கள் மருந்துப் பெட்டியையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு நாங்கள் கொடுக்கிற அதிமதுரம் நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்தத்தைக் கூட்டும். பி.பி. உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மூலிகைதானே, என்ன செய்யும்' என்ற பேச்சே வேண்டாம்.

நாடி சொன்னது

மளிகைக் கடைக்காரருக்கு வருவோம். சூரணம் கேட்டவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளியில் எந்த ஒழுங்கும் இல்லை. சில நேரம் இரண்டு அடுத்தடுத்து ஓடின; சில நேரம் ஒன்று காணாமலே போனது. உபரித் துடிப்பு என்றால் ஒழுங்கான நடையில் எப்போதாவது ஒரு இடறல் இருக்கும். இவருக்கு நடையே இல்லை!

"ஐயா, இப்ப என்கிட்ட சூரணம் வாங்காதீங்க. இந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு நேரே ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க" என்றேன். முகம் சுருங்கிப்போனது. "வாயுவுக்கு எதுக்குங்க ஹார்ட் டாக்டர்?" என்று முனகினார். கூட வந்த மனைவிதான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்.

ஈ.சி.ஜி.யில் தெரிந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் நிலை. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்! சாதாரணமாக இருப்பவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். இன்று அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கடையில் உட்கார்ந்து வியாபாரமும் பார்க்கிறார்.

இவ்வளவு கறாராக நான் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1991-ல் நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் என் பெரியப்பாவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. பெரியம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஏப்பம் வந்தது. 'வாயுதான், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்' என்று படுத்தவர், விடியும்போது இல்லை. ஓமத்தின் மேல் தப்பில்லை. ஏப்பம் வந்துவிட்டதால் அது வாயுதான் என்று நம்பியதுதான் தப்பு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சில் அழுத்தம், இறுக்கம். வலி தோள், கை, தாடை, முதுகுக்குப் பரவுதல். குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், கண் இருட்டுதல் - இவற்றில் ஏதாவது இருந்தால் கஷாயம் போடக்கூட அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வயிற்று உப்புசம், குமட்டல் போலவும் வரலாம்.

அப்படி அவசரம் இல்லாமல், அடிக்கடி படபடப்பு மட்டும் வருகிறதா? கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கடிகாரம் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையோடு நடையையும் கவனியுங்கள். முதலில் ஒரு ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை. அதன் பிறகுதான் வயிற்று வைத்தியம். இந்த வரிசை மாறவே கூடாது.

ஆசிரியைக்கு என்ன ஆயிற்று?

அவரிடம் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஐந்து நிமிஷத்தில் நான்கு இட்லி. பள்ளியில் நாலு தடவை டீ. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மிச்சம் மீதியெல்லாம் சேர்த்து ஒரு முழுச் சாப்பாடு. உடனே படுக்கை. வாயு இருக்கிறதே என்று அவ்வப்போது சோடா வேறு! சோடாவில் இருப்பதே வாயுதானே?

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

* ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள், அரை வயிற்றுக்கு முடியுங்கள். படுக்க மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும்.

* நிதானமாக மென்று சாப்பிடுங்கள். அவசரமாக விழுங்கினால் சோற்றோடு காற்றும் உள்ளே போகும்.

* டீ, காபி இரண்டு வேளை போதும். சோடா, ஐஸ் தண்ணீர், புகை, மது வேண்டாம்.

* உப்புசத்துக்கு: ஒரு டீஸ்பூன் சீரகத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராக வற்றவைத்து, சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். மதியம் இஞ்சி, பெருங்காயம் சேர்த்த நீர்மோர் நல்லது.

* நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சுக்கு, மிளகு, திப்பிலி பக்கம் போக வேண்டாம், எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்திப் படுங்கள்.

* மலச்சிக்கல் கூடாது. ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் வெந்நீர், தினமும் ஒரு கீரை அல்லது நார்ச்சத்துள்ள காய்.

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அந்த டாக்டரிடம் சொல்லாமல் எந்த மூலிகை மருந்தையும் தொடாதீர்கள். எங்களிடம் வந்தால் அந்த மாத்திரைச் சீட்டையும் கொண்டுவாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியை வந்தார். "முழுசா நிக்கலை டாக்டர். கல்யாண வீட்டுல நல்லா சாப்பிட்டா அன்னிக்கு மட்டும் எட்டிப் பார்க்குது. ஆனா இப்ப பயம் இல்லை. அது என்னன்னு தெரிஞ்சிடுச்சு" என்று சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது, இதயத்தை முதலில் பரிசோதித்துவிட்டு வந்ததால்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது நெஞ்சைத் தடவிக்கொண்டே 'வெறும் வாயுதான்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அதை ஈ.சி.ஜி. சொல்லட்டும். அதன் பிறகு ஓமத் தண்ணீர் கொடுங்கள், நிம்மதியாகக் குடிப்பார்.