நோயாளியே இல்லாத ஆபரேஷன் தியேட்டர் தெரியுமா?

இளம் மருத்துவர் ஒருவர் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். கை சற்றே விலகுகிறது. இடுப்புக் குழியில் வைக்கும் செயற்கைக் கிண்ணம் கோணலாக இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, யாருக்கும் வலிக்கவில்லை! ஒரு பட்டனைத் தட்டியதும் எலும்பு பழையபடி முழுசாகிவிடுகிறது. முதலிலிருந்து மறுபடி செய்யலாம். நூறு முறை வேண்டுமானாலும் செய்யலாம்! விஆர் எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைக் கற்றுத்தரும் விதம் இதுதான். அதற்குள் எத்தனை ஆச்சரியங்கள் இருக்கின்றன தெரியுமா?

தந்தத்தில் ஒரு முழங்கால்!

1890-லேயே பெர்லினில் செயற்கை முழங்கால் மூட்டு பொருத்திவிட்டார்கள், தெரியுமா? தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த மூட்டை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தில் கடைந்த கீல் மூட்டை வைத்தார். கிருமித் தொற்று வந்ததால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. அவர் காலத்தில் இப்படிக் கணினியில் ஒத்திகை பார்க்க வழியே இல்லை!

தன் தொடையிலேயே சோதனை!

இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் தந்தை, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. தொடக்கத்தில் அவர் கிண்ணத்துக்குத் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்ளான். சுமார் 300 பேருக்குப் பொருத்திய பிறகு, அது மளமளவெனத் தேய்ந்து, சுற்றியுள்ள திசுவையும் கெடுப்பது தெரியவந்தது. மனம் நொந்த சார்ன்லி என்ன செய்தார் தெரியுமா? டெஃப்ளான் துகளைத் தன் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டு, உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்த்தார்! 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அதன் வழிவந்த மூட்டுகள்தான் உலகெங்கும் கோடிக்கணக்கானோரை நடக்க வைத்திருக்கின்றன.

சில டிகிரியில் தலையெழுத்தே மாறும்!

செயற்கைக் கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும்? சாய்வு 40 டிகிரி, முன்திருப்பம் 15 டிகிரி. இரண்டிலும் 10 டிகிரி கூடலாம் அல்லது குறையலாம். 1978-இல் லெவினெக் என்ற மருத்துவரின் குழு வகுத்த பாதுகாப்பு எல்லை இது. எல்லைக்குள் இருந்த மூட்டுகளில் 1.5 சதவீதம் நழுவின. எல்லை தாண்டியவற்றில் 6.1 சதவீதம்! அந்த எல்லை மட்டும் போதாது என்று இன்றைய நிபுணர்கள் விவாதிக்கிறார்கள். ஆனாலும் கோணம் முக்கியம் என்பதில் மாற்றுக்கருத்தே இல்லை. இந்தக் கைப்பழக்கத்தைப் புத்தகம் படித்து எப்படிப் பெறுவது?

ஆர்கன் துருத்தியில் பறந்த விமானம்!

ஆபத்தில்லாமல் பழகிக்கொள்ள வழிகாட்டியவர்கள் விமானிகள்! அமெரிக்காவின் எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவிகள் செய்த குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கருவிகளின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் பயிற்சி விமானத்தை 1929-இல் உருவாக்கினார். 1934-இல் தபால் சுமந்து பறந்த ராணுவ விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் மாண்ட பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. தலையில் மாட்டும் கணினித் திரையை இவான் சதர்லேண்ட் 1968-இல் செய்துகாட்டினார். அது எவ்வளவு கனம் தெரியுமா? கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! இன்றைய ஹெட்செட்டோ அரைக் கிலோ அளவில் தலையில் உட்கார்ந்துகொள்கிறது.

ஹெட்செட்டுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டிக்கொண்ட கணமே கண்முன் ஆபரேஷன் தியேட்டர்! இரண்டு கைகளிலும் கன்ட்ரோலர்கள். எட்டி எடுத்தால் அது ரம்பமாகிறது, டிரில்லாகிறது, சுத்தியலாகிறது. தொடை எலும்பின் தலையை அறுத்து எடுத்ததும், இடுப்புக் குழியைக் கடைய வேண்டும். அதற்கான ரீமர், பார்வைக்குத் தேங்காய்த் துருவியின் தலை போலவே இருக்கும். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். குறைவாகக் கடைந்தால் கிண்ணம் உட்காராது. அதிகமானால் எலும்பு பலவீனமாகிவிடும். கடையும்போது கன்ட்ரோலர் கையில் அதிர்கிறது. கிண்ணத்தை அடித்து இறக்கியதும் கோணம் எத்தனை டிகிரி என்று திரை சொல்லிவிடுகிறது. நிஜத் தியேட்டரில் அந்த நிமிடமே இப்படி மதிப்பெண் போட்டுத்தர யார் இருக்கிறார்கள்?

பித்தப்பையில் கிடைத்த முதல் சாட்சி!

இதெல்லாம் வீடியோ கேம்தானே என்று நினைக்கிறீர்களா? 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்து ஆய்வு நடத்தினார்கள். கணினித் திரையில் பழகியவர்கள் நிஜ நோயாளியின் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது!

லண்டனில் 4-க்கு 16!

மூட்டு மாற்றில்? லண்டன் இம்பீரியல் கல்லூரி 2019-இல் விடை சொன்னது. எடுத்துக்கொண்டது முன்பக்கமாகத் திறந்து இடுப்பு மூட்டை மாற்றும் முறை. தேர்ந்த நிபுணருக்கே ஆரம்பத்தில் தடுமாற்றம் தரும் முறை அது! அந்த முறையில் அனுபவமே இல்லாத 24 பேரில் ஒரு பாதிக்கு ஆறு வாரம் விஆர் பயிற்சி. மறு பாதிக்கு வழக்கமான பாடங்கள். பிறகு எல்லோரும் தானமாகக் கிடைத்த உடல்களில் செய்துகாட்டினார்கள். கோணப் பிழை எவ்வளவு தெரியுமா? விஆர் அணிக்குச் சராசரியாக 4 டிகிரி. மற்றவர்களுக்கு 16 டிகிரி! நேரம் 42 நிமிடம். மற்றவர்களுக்கு 51 நிமிடம்!

செவிலியருக்கும் உண்டு!

பழைய செயற்கை முழங்காலை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் சிகிச்சையில் கருவிகள் தட்டுத்தட்டாக வந்து நிற்கும். எதை எப்போது எடுத்து நீட்டுவது? அரங்கச் செவிலியர் தடுமாறினால் மருத்துவரும் காத்து நிற்க வேண்டியதுதான். இதையும் விஆரில் பழக்குகிறார்கள். பழகப் பழக அவர்களின் வேகமும் கூடுகிறது, தேவையற்ற கையசைவும் குறைகிறது!

இதற்கும் எல்லை உண்டு!

நிஜ எலும்பு சுத்தியலுக்குத் தரும் எதிர்ப்பை வெறும் அதிர்வு தந்துவிடாது. செயற்கை மூட்டின் தண்டு தொடை எலும்புக்குள் கச்சிதமாக இறங்கியதும் சுத்தியல் ஓசையே மாறும். அனுபவசாலிகள் அந்த மாற்றத்தைக் காதில் வாங்கிக்கொள்வார்கள். அந்த எதிர்ப்பையும் கையில் உணர்த்தும் விசைக் கருவிகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தரும் மூத்த மருத்துவரின் இடத்தை எந்த ஹெட்செட்டும் பிடிக்க முடியாது. அவரிடம் வருமுன் அடிப்படையைத் தேற்றிக்கொள்ள இது நல்ல வழி.

உங்களுக்கு ஒரு வார்த்தை!

அதிக எண்ணிக்கையில் மூட்டு மாற்று சிகிச்சை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூட்டு மாற்றச் சொன்னால், “டாக்டர், இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்!