நிலமும் நோயும் – 7: மண்ணுக்கு எண் உண்டு

1854-ஆம் ஆண்டு லண்டன் பிராட் தெருவில் காலராவுக்கு இரையானவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்து, அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருக்கக் கண்ட ஜான் ஸ்நோ என்னும் வைத்தியரின் வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே வீடுகள் முன்னமே படத்தில் இருந்தன. சாவைக் குறிப்பதொன்றே மிச்சம். நம் பக்கத்து நிலைமை வேறு.

1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் என்னும் நில அளவையாளர் அடிக்கோடு அளந்த நாள்தொட்டு அளவையில் ஊறிய இம்மாகாணம், கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் பிரியும் சாலையின் இருமருங்கிலும் ஒரு கொல்லையைக்கூடச் சர்வே எண் இல்லாமல் விட்டதில்லை. எனினும் மழை ஓய்ந்ததும் பெண்டு பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய், அடுத்த மழைக்குத் திரும்பும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு, குடியிருக்கும் புறம்போக்கு மண்ணுக்கு எண் உண்டே தவிர, தம் பெயருக்குப் பட்டா இல்லை. வரி தரும் நிலத்தைத் தேடிய படம், ஊசி போட வேண்டிய குழந்தையைத் தேடவில்லை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததை அடுத்து, ஊர் ஊராகச் சென்று ஊசி போடும் வழக்கத்தை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே பிள்ளைகளைக் கொண்டுவரச் செய்தது அரசாங்கம். அச்சத்தில் பிறந்த அம்முடிவை நான் குறை சொல்லேன். ஆனால் செவிலியர் நடந்த தூரத்தை அப்போது தாய் நடக்கலானாள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்னும் விதியும் தலைகளை எண்ணுகிறதேயன்றி நடையை எண்ணுவதில்லை. படத்தில் நூல் பிடித்தால் அருகே தோன்றும் இடம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையுடன், அன்றைய கூலியையும் இழந்து வருபவளுக்கு அரை நாள் பிரயாணம். செயற்கைக்கோள் படத்தின்மேல் சாலையையும் ஓடையையும் பேருந்து நிறுத்தத்தையும் அடுக்கி, தூரத்தை நேரமாக மாற்றிக் காட்டுவதே புவித்தகவல் முறைமை (ஜி.ஐ.எஸ்.) என்னும் இப்புதிய சாஸ்திரத்தின் மெய்யான பிரயோஜனம் என்பது என் அபிப்பிராயம்.

நைஜீரியாவின் வடபகுதியில் 2012 முதல் போலியோ சொட்டு மருந்துக்காக இச்சாஸ்திரத்தைக் கையாண்டார்கள். கையால் எழுதிய ஊர்ப் பட்டியல்களைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டபோது பட்டியலில் ஏறாத குடியிருப்புகள் அகப்பட்டன. மருந்து கொண்டுபோனவர்களின் கைப்பேசி நடந்த தடத்தைப் பதிந்தபோது, அவர்கள் எட்டாமல் விட்ட ஊர்களும் அகப்பட்டன. நம் தேசமோ பெரும்பாலும் பென்சிலால் வரைந்த படங்களைக் கொண்டே, சூளைகளையும் நாடோடிக் கூடாரங்களையும் தனியே பட்டியலிட்டு, 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளியோடு அவ்வியாதியை முடித்தது என்பதையும் மறக்கலாகாது.

வானிலிருந்து கூரை தெரியும். அதனடியில் இந்த மாதம் ஆள் இருக்கிறார்களா என்பது கிராம சுகாதார செவிலியருக்கே தெரியும். கர்ப்பிணியாக இங்கே பதிவானவளின் எண்ணை, வேறு மாவட்டத்துச் சூளையருகே உள்ள செவிலியரின் படத்தில், ஊசி போடும் புதன்கிழமைக்கு முன்பே தோன்றச் செய்ய வேண்டும். அப்படம் யார் கைக்குப் போகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. புறம்போக்குக் குடிசையை ஊசிக்காகக் கண்டுபிடித்த புள்ளி, ஆக்கிரமிப்பை அகற்ற வருபவருக்கும் அதே வழியைக் காட்டும்.