வாரன்டி முடிஞ்ச லேப்டாப்புக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி: காசு கொடுக்கலாமா?



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை கடைசி வாரம். ரிட்டர்ன் ஃபைலிங் உச்சத்துல இருக்கும்போது என் லேப்டாப் ஆன் ஆகல. வாரன்டி முடிஞ்சு 12 நாள்தான் ஆகியிருந்தது. "இப்போ வாரன்டி வாங்கிடறேன், சரி பண்ணிக் கொடுங்க"ன்னு கேட்டேன். "மெஷின் நல்லா ஓடினாத்தான் சார் தருவோம்"னாங்க. மதர்போர்டு மாத்த 22,000 ரூபாய் போச்சு.

அப்போ கோபம்தான். ஆனா காய்ச்சல் வந்த பிறகு ஹெல்த் பாலிசி எடுக்க முடியுமா? இதுவும் அதே கதைதான்.

முடிஞ்ச பிறகு கிடைக்குமா?

சில கம்பெனிகள் தருவாங்க, சிலர் தரமாட்டாங்க. கம்பெனி வெப்சைட்ல சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்க. மெஷினை நேர்ல பரிசோதிக்கணும்னு கேட்கலாம். பணம் கட்டி சில நாள் கழிச்சுத்தான் கவரேஜ் ஆரம்பிக்கும்னு நிபந்தனையும் இருக்கலாம்.

கணக்கு போடுவோம்

ஒரு வருஷ பிளான் 8,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 9,440. பெரிய ரிப்பேர் 22,000. அப்படின்னா அந்த ஒரு வருஷத்துல மதர்போர்டு போக நூத்துக்கு 43 வாய்ப்பு இருந்தாத்தான் கொடுத்த காசுக்குச் சரியாகும்.

இன்னொரு பக்கம், லேப்டாப்போட மதிப்பு. வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. அந்தக் கணக்குப்படி 60,000 ரூபாய் லேப்டாப், மூணு வருஷத்துல 12,960. அதைக் காப்பாத்த 9,440 கொடுக்கறது நியாயமா?

எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க

1. கீழே விழுந்தது, காபி கொட்டினது எல்லாம் சாதாரண வாரன்டில வராது. அதுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ் கவர் தனி. பேட்டரி சேருமான்னும் கேளுங்க.
2. தர்றது லேப்டாப் கம்பெனியா, வேற ஏஜென்சியா? "இன்னிக்கே கடைசி நாள்"னு போன் வந்தா பணம் அனுப்பாதீங்க.
3. உள்ள இருக்கற டேட்டாவுக்கு எந்த வாரன்டியும் பொறுப்பில்லை. பேக்கப் உங்க வேலை.

என் முடிவு

விலை உயர்ந்த மெஷின், ரெண்டு வருஷம்கூட ஆகல, ஃப்ரீலான்ஸ் வருமானமே அதை நம்பித்தான்னா எடுங்க. நாலு வருஷப் பழசுன்னா வேண்டாம். மாசம் 800 ரூபாய் ஆர்டில போடுங்க. வருஷக் கடைசில 9,600 ரூபாயும் வட்டியும் உங்க கையில. ரிப்பேர் வந்தா செலவுக்கு ஆகும், வரலைன்னா அடுத்த லேப்டாப்புக்கு ஆகும்.

வாரன்டி இன்னும் இருக்கா? முடியற தேதியை இப்பவே பார்த்து, அதுக்கு 30 நாள் முன்னாடி போன்ல ரிமைண்டர் வெச்சிடுங்க. நான் அதைச் செய்யாம விட்டதுக்குத்தான் 22,000 கட்டினேன்.